பழைய கை, புதுக் கை

பெரியம்மைக் கொப்புளத்துக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் முத்து. அதைப் பக்கத்தில் நின்று பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. முத்து நாறாது, இது நாறும். சீழ் கட்டி, உடைந்து, பாயோடு முதுகு ஒட்டிக்கொள்ளும். ஆளைத் திருப்பிப் படுக்க வைத்தால் தோல் பாயிலேயே நின்றுவிடும். கார்பாலிக் சோப்பு போட்டு மூன்று தடவை குளித்தாலும் அந்த வாடை இரண்டு நாளைக்கு மூக்கை விட்டுப் போகாது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அதுதான் முதலில் வரும்.

ஐம்பதுகளில் நான் சிங்கப்பூரில் டிரஸ்ஸராக இருந்தேன். புண் கழுவுவேன், கட்டுப் போடுவேன், அம்மை குத்துவேன். அவ்வளவுதான் என் படிப்பு. முதலில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன அரசாங்கக் கிளினிக்கில் இருந்தேன். இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் அம்மை குத்திய அட்டை காட்ட வேண்டும், அதனால் எங்கள் வாசலில் எப்போதும் கூட்டம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வந்ததும் ஒரு கட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிடுவார். ஊசி முனையால் கையில் கீறி, கண்ணாடிக் குழலில் இருக்கும் அம்மைப்பாலைத் தடவி, பேரை எழுதிக் கொடுப்பது என் வேலை. அம்மைப்பால் என்பதும் நம் ஆட்கள் வைத்த பேர்தான். மாட்டுக்கு வருகிற அம்மையைச் சேர்ந்த கிருமி அது. கன்றுக்குட்டியின் தோலைச் சுரண்டி எடுத்த சமாசாரம். பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அக்கா ஒரு நாள் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். என் கூடப் பிறந்த அக்கா. பஃபலோ ரோட்டில் ஒரு கடைக்கு மேல்மாடி அறையில் குடியிருந்தாள். ஊரில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, ஆறு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரப் புறப்பட்டிருந்தாள். தன் கையை நீட்டினாள், கீறினேன். பிள்ளையின் சட்டைக் கையை மடக்கப் போனேன், தடுத்துவிட்டாள்.

"இவளுக்கு வேணாம்டா. இவளுக்குத்தான் போன வருசமே ஆத்தா வந்துட்டுப் போயிட்டாளே."

"அது சின்னம்மைக்கா."

"சின்னதோ பெருசோ, ஆத்தா ஆத்தாதான். வந்துட்டுப் போன அம்மைய எதுக்குத் திரும்பக் குத்துற? வீட்டுக்கு வந்துட்டுக் கெளம்பிப் போனவள வா வான்னு பின்னாலயே போய்க் கூப்பிட்டா சும்மா இருப்பாளா?"

"அது வேற நோயி, இது வேற நோயி."

"அப்ப ரெண்டுக்கும் ஏன்டா அம்மைன்னு பேரு வச்சாங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அக்கா கேக்கறது நியாயந்தான் தம்பி, பதில் சொல்லுங்க லா" என்றார். பிள்ளை ஊசியைப் பார்த்து வீறிடத் தொடங்கியது. இருபது பேர் காத்திருந்தார்கள், வெயில் வேறு. அட்டையை எடுத்தேன். பிள்ளையின் பேரை எழுதினேன். கீறியாயிற்று, அம்மைப்பால் பிடித்தாயிற்று என்று எழுதி அக்கா கையில் கொடுத்தேன். பிள்ளையின் கையை நான் தொடக்கூட இல்லை.

அக்கா கேட்டதற்குப் பதில் இருந்தது. எனக்கு அப்போது ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். தமிழில் உடம்பில் தடிப்போ கொப்புளமோ வந்தால் எல்லாம் அம்மை. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, கன்னம் வீங்கினால் அதற்கும் வேப்பிலை. ரத்தத்துக்குத் தமிழ் தெரியாது. அது பேரைக் கேட்டு ஆளைப் பிடிப்பதில்லை, உருவத்தைப் பார்த்துப் பிடிக்கிறது. நம் ரத்தத்தில் ஓடுகிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒரே ஓர் உருவத்தை மட்டும் அடையாளம் காணும்படி பிறந்தது. சின்னம்மைக் கிருமியை அடையாளம் காணும் அணு பெரியம்மைக் கிருமியைப் பக்கத்தில் பார்த்தாலும் அசையாது, தன் வேலை இல்லை என்று போய்விடும். தனக்கான உருவத்தைச் சந்தித்தால் மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரு படையாகப் பெருகி, அந்தக் கிருமியின் மேல் போய் ஒட்டுகிற பொருளைச் செய்து ரத்தத்தில் விடும். முதல் தடவை இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சண்டை முடிந்ததும் படை கலைந்துவிடும், ஆனால் சில அணுக்கள் வருசக் கணக்கில் தங்கிவிடும். அடுத்த தடவை அதே கிருமி வந்தால் இரண்டே நாளில் எழுந்து நிற்கும். மாட்டு அம்மையும் பெரியம்மையும் முகச்சாடையில் ஒன்று போல இருப்பதால்தான் ஒன்றைக் கீறினால் மற்றது பயப்படுகிறது. சின்னம்மை வேறு வீட்டுப் பிள்ளை. பேரில் மட்டும் உறவு.

இதையெல்லாம் பல வருசம் கழித்துத்தான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் சின்னம்மை பெரியம்மையைத் தடுக்காது என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

அக்கா கப்பல் ஏறிய பிறகு டாக்டரைத் தெற்கே இருந்த தடுப்புத் தீவுக்குப் பொறுப்பாக மாற்றினார்கள். நம்பகமான ஆள் என்று என்னையும் கூட அழைத்துக்கொண்டார். கப்பலில் தொற்றுநோய் கண்டால் தளத்தில் பாய் விரித்து வந்த பயணிகளை எல்லாம் அந்தத் தீவில் இறக்கி, இரண்டு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்துப் பார்ப்போம். நீண்ட கொட்டகைகள், துணி அவிக்கும் கொதிகலன், வரிசையாகக் கக்கூஸ். அந்தக் கக்கூஸ்களைப் பற்றி எழுத மாட்டேன்.

அக்கா திரும்பி வந்த கப்பலில் பெரியம்மை இருந்தது.

விசைப்படகில் போய்க் கப்பலில் ஏறினோம். தளத்தின் ஒரு மூலையில் மூட்டைகளை அடுக்கி, சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள். சேலையை விலக்கினேன். இருபத்தைந்து வயது இருக்கும் அந்த ஆளுக்கு. முகத்தில் தோல் தெரியவில்லை, கொப்புளம்தான் தெரிந்தது. தலைமாட்டில் வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், ஒரு சூடத்தட்டு. சுற்றிலும் பெண்கள். அவர்களில் ஒருத்தி அக்கா. மடியில் மகள். பிள்ளையின் கையில் ஒரு வேப்பிலைக் கொத்து. அதில் ஒரு இலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"பினாங்குல சோதிக்க டாக்டர் ஏறினாரே, அப்ப இவர எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"அப்ப காய்ச்சல் மட்டுந்தான்டா. பொம்பளைங்க மூட்டைக்குப் பின்னால உக்கார வச்சிட்டோம்" என்றாள் அக்கா. ஏதோ சாதித்தது போலச் சொன்னாள். "டாக்டர் எறங்கிக் கப்பல் கெளம்பினதும் முத்து போட்டுடுச்சு. நாங்க ஆறு பேரு மாத்தி மாத்தி வேப்பெல வீசினோம். பாப்பாவும் வீசினா. இவ கையால வீசினப்பதான் அந்த அண்ணன் கண்ணத் தொறந்தாரு."

கொப்புளத்தில் பட்ட இலை. அதை வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறாள், பிரசாதம் மாதிரி. நான் கொத்தைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன். பிள்ளை அழுதது. கூட்டத்தில் ஒரு கிழவர், "ஆத்தா இலைய எறியறானே, இவன் கை வெளங்குமா" என்றார். அவர் மேல் வாந்தி எடுக்காமல் இறங்கி வந்தது என் பொறுமை.

தீவில் எல்லோரையும் இறக்கினோம். நோயாளியைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் இன்னொரு சிக்கல். அன்று எங்களிடம் இருந்த அம்மைப்பால் எல்லாருக்கும் போதாது. புதுச் சரக்கு நகரத்திலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். டாக்டர் சரியான உத்தரவுதான் போட்டார்: அட்டை இல்லாதவர்களுக்கும் காலாவதி அட்டைக்காரர்களுக்கும் முதலில் கீறு, நல்ல அட்டை வைத்திருப்பவர்கள் சரக்கு வரும் வரை பொறுக்கட்டும்.

அக்காவின் மகளிடம் நல்ல அட்டை இருந்தது. என் கையெழுத்தில், டாக்டரின் கையொப்பத்தோடு.

நோய் தொற்றிவிட்ட பிறகும் அம்மை குத்தலாம், ஆனால் மூன்று நாலு நாளுக்குள் குத்த வேண்டும். பெரியம்மைக் கிருமி உள்ளே போய் ஒளிந்து பெருகிக் காய்ச்சலாக வெளியே வரப் பன்னிரண்டு நாள் போல ஆகும். கையில் கீறிய மாட்டு அம்மை அதற்கு முன்னாலேயே படையை எழுப்பிவிடும். பந்தயம் மாதிரி. பிள்ளை வேப்பிலை வீசத் தொடங்கி அதற்குள் இரண்டு நாள் ஆகியிருந்தது. புதுச் சரக்கு வரும்போது ஐந்தாகிவிடும். பிள்ளை செத்துவிடலாம். அதுதான் கணக்கு, வேறு கணக்கு இல்லை.

நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன். ஒரு குழலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குளியல் கொட்டகைக்குப் பின்னால் அக்காவைக் கூப்பிட்டேன். அட்டை இல்லாத ஒருத்தருக்குப் போக வேண்டிய குழல் அது.

"நீதான் குத்தியாச்சுன்னு எழுதிக் குடுத்திட்டியே" என்றாள்.

"பொய் எழுதினேன்கா. பிள்ளையப் புடி."

"பொய் எழுதினது உன் பாடு. புள்ளைய ஏன்டா படுத்தற? ஆத்தா அந்த அண்ணன் மேல எறங்கியிருக்கற நேரத்துல இவளையும் குத்தினா அவளுக்குக் கோவம் வராதா?"

"கால்ல விழட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். தம்பி இவ்வளவு தூரம் கெஞ்சி அவள் கண்டதில்லை. பிள்ளையைத் திருப்பிப் பிடித்தாள். கீறினேன், தடவினேன், கழுவாதே, தொடாதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். பிள்ளையின் கையில் தோளிலிருந்து முழங்கை வரை மஞ்சள் பூச்சு, காய்ந்து வெடித்திருந்தது.

"எரியுதுன்னு அழுதாடா. நீ அந்தப் பக்கம் போனதும் தொடைச்சிட்டு மஞ்சளும் வேப்பெலையும் அரைச்சுப் பத்துப் போட்டேன்."

"வேப்பிலை ஏது?"

"கப்பல்ல இருந்ததுல கொஞ்சம் முடிஞ்சு வச்சிருந்தேன்."

அந்த நோயாளிக்கு வீசிய அதே இலை. அதை அரைத்து, நான் கீறிய கீறலிலேயே பூசியிருக்கிறாள். அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவளாவது தெரியாமல் செய்தாள்.

கீறல் பிடித்ததா இல்லையா என்று இன்னும் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கெடு முடிந்துவிடும். டாக்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், திருடிய குழல் வரை.

அவர் கத்தவில்லை. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ரை கையெழுத்து" என்றார். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "உம்மை நம்பிப் போட்டது. நேற்றே சொல்லியிருக்க வேணும். ஒரு நாளைத் திண்டுபோட்டீர். எழும்பும்" என்றார்.

தானே வந்தார். மஞ்சளைக் கழுவச் சொல்லி, பிள்ளையின் மற்றக் கையில் தானே கீறினார். காய்கிற வரைக்கும் கொட்டகை வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தொட மாட்டேங்க ஐயா" என்றாள். நான் காலில் விழட்டுமா என்று கெஞ்சியும் துடைத்துவிட்டவள், அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பயந்தாள்.

அப்புறம் காத்திருந்தோம். புதுச் சரக்கும் வந்து எல்லாருக்கும் கீறியாயிற்று. தினமும் காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கை பார்ப்போம். கை பொய் சொல்லாது. முன்பே உண்மையாக அம்மை குத்திக்கொண்டவர்களுக்கு இரண்டாம் நாளே கீறிய இடத்தில் அரிப்பு எடுத்து, ஒரு சின்னத் தடிப்பு எழும்பி, நாலைந்து நாளில் அடங்கிவிடும். உள்ளே தங்கியிருந்த அணுக்கள் வந்தவனை அடையாளம் கண்டு அடித்துத் துரத்திவிட்டன என்று அர்த்தம். அதை நாங்கள் பழைய கை என்போம். அக்காவின் கை பழைய கை. ஒரு தடவையும் சந்திக்காத உடம்பில் எல்லாம் மெதுவாக நடக்கும். நாலாம் நாள் ஒரு பரு, ஆறாம் நாள் நீர்க்கொப்புளம், ஒன்பதாம் நாள் நடுவில் குழி விழுந்த கொழுத்த சீழ்க்கட்டி, அக்குளில் நெறி கட்டிய வீக்கம், காய்ச்சல். அது புதுக் கை.

அக்கா மகளின் மஞ்சள் பூசிய கையில் ஒன்றும் வரவில்லை. டாக்டர் கீறிய கையில் நாலாம் நாள் பரு வந்தது. ஒன்பதாம் நாள் நான் என் வாழ்க்கையில் பார்த்ததிலேயே அசிங்கமான சீழ்க்கட்டி அது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. சீழைப் பார்த்துச் சந்தோசப்படுகிற நிலைமைக்கு என்னை நானே கொண்டுவந்திருந்தேன்.

டாக்டர் அட்டையையும் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நீர் வாயைத் திறந்திருக்காட்டிலும் இண்டைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "பிள்ளை தப்பியிருக்காது, அவ்வளவுதான்."

அந்த வாரத்திலேயே கப்பலில் வந்த நோயாளி செத்துப்போனான். பெட்டி மூடும்போது நான்தான் காலைப் பிடித்தேன். கையுறையோடு தோலும் வந்தது. கொட்டகைப் பெண்கள் அவனுக்கும் சூடம் கொளுத்தினார்கள்.

தீவில் இறங்கிய பதின்மூன்றாம் நாள் அக்கா மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இது கைக் காய்ச்சல் இல்லை, அது ஏற்கெனவே தணிந்துவிட்டது. இரண்டு நாள் கொதித்தது. அக்கா இப்போது வேப்பிலை கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எதாவது பண்ணுடா" என்றாள். பண்ண ஒன்றும் இல்லை. எல்லாம் பிள்ளையின் ரத்தத்துக்குள் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், துணி மாற்றினேன், கழிந்ததை அள்ளினேன். மூன்றாம் நாள் நெற்றியிலும் மணிக்கட்டிலும் கொப்புளங்கள் வந்தன. பதினொன்று. காலையிலும் சாயங்காலமும் எண்ணினேன், பன்னிரண்டாகவில்லை. வந்தவையும் சரியாகச் சீழ் கட்டாமல் காய்ந்து உதிர்ந்தன. பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது.

"பாத்தியா" என்றாள் அக்கா. "ஏற்கெனவே ஒரு தடவ வந்திருந்தாளா, அதான் லேசாத் தொட்டுட்டுப் போயிட்டா."

டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்து, "விடும்" என்றார்.

சாயங்காலம் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"இந்த ஒரு அட்டை மட்டும்தானோ?"

"ஒண்ணுதான் டாக்டர்."

"பிள்ளையின்ரை கையைப் பார்த்த மாதிரி உம்மடை முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறன். உண்மையைச் சொல்லும்."

ஒன்பது அட்டை என்றேன். இதுவரைக்கும் அக்காவின் பிடிவாதத்தால் நடந்த கதை போலத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்படி இல்லை. நாளைக்குக் கப்பல், கை வீங்கினால் மூட்டை தூக்க முடியாது தம்பி என்பார்கள். குத்தினால் காய்ச்சல் வரும், கப்பல்காரன் ஏற்ற மாட்டான் என்பார்கள். எதிர்க் கடையிலிருந்து டீயும் வடையும் வரும். நான் எழுதிக் கொடுப்பேன். அக்காவுக்கு முன்னால் ஐந்து, பின்னால் மூன்று.

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "அக்காவின்ரை மகளை விட்டுப்போட்டு மற்ற எட்டுப் பேரையும் எழுதும். ஒரு கிழமை, ஏழு நாள் தாறன். ஐஸ் பெட்டியையும் குழலையும் எடுத்துக்கொண்டு போம். ஒவ்வொருத்தரையும் கண்டுபிடிச்சுக் கீறிப்போட்டு வாரும். அதுக்குப் பிறகு உமக்கு வேலை இருக்கோ இல்லையோ, பிறகு பார்ப்பம்."

போனேன். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இரண்டு பேர், பஃபலோ ரோட்டில் ஒருவர். காத்தோங்கில் துணிக்கடை வைத்திருந்த மரைக்காயர் வீட்டில் அவரும் அவர் மகனும். குவீன்ஸ்டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் இரண்டு பேர். எல்லாரும் ஊர் போய்த் திரும்பியவர்கள், அதிர்ஷ்டத்தால் ஒன்றும் ஆகாதவர்கள். சிலர் சிரித்தார்கள். "ஊருக்குப் போயிட்டு வந்தப்புறம் எதுக்கு தம்பி?" மரைக்காயர் மட்டும் கோபப்பட்டார். "அப்ப அன்னைக்கு நீங்க குடுத்தது என்ன, கடுதாசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டைக் கையை மடக்கி, மகனையும் கூப்பிட்டு நிறுத்தினார். ஏழு பேரும் புதுக் கை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஏழு பேருக்கும் ஒரே மாதிரி சீழ் வைத்திருந்தது.

எட்டாவது ஒரு சின்னப் பெண், ஆறு வயது. அவளுடைய அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கிளினிக்குக்கு எதிர்ச் சந்தில் குடியிருந்தார்கள். அறைக் கதவைத் திறந்தவர் வேறு ஆள், சவரம் பண்ணிக்கொண்டிருந்தார், முகத்தில் பாதி நுரை.

"அவங்களா? ஊரோட போயிட்டாங்க தம்பி, மூணு மாசமாச்சு. திரும்பி வர மாட்டாங்க. என்ன விசயம்?"

"எந்த ஊருன்னு தெரியுமா?"

"தஞ்சாவூர்ப் பக்கம்னு சொன்னாங்க. ஊர் பேரு சொன்னாங்க, மறந்துட்டேன். அவசரமா?"

அந்த வருசம் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த எந்தக் கடிதத்தில்தான் அம்மைச் சாவு இல்லை? இல்லை, அவசரமில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? கீழே இறங்கி வந்து பெட்டியைத் திறந்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கென்று வைத்திருந்த குழல் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. சூடு பட்டால் அது செத்துவிடும், எதற்கும் உதவாது. அதை உடைத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, தீவுக்குப் போகும் படகைப் பிடிக்க நடந்தேன்.